குறிக்குக் கீழே விழும் சன்னம்: வாசகர் கேள்வி – பதில்

சூட்டு விளையாட்டைப் பற்றி இப்பகுதியில் எழுதிய பின்னர் வன்னியின் பல ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் ஒரே முறைப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது: வைத்த குறிக்குக் கீழேதான் சன்னம் விழுகிறது. ஆகவே இம்முறை அக்கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிஸ்டல் என்ற சொல்லைக் கேட்டாலே திரும்பிப் பார்ப்பவர்கள் உள்ள நிலம் இது என்பதால் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். கீழே பேசப்படுவது பெரும்பாலும் 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னம் எய்யும் விளையாட்டுப் பிஸ்டலைப் பற்றியது. சோதனைகள் யாவும் அனுமதி பெற்ற பயிற்சிக்கூடத்தில், பொறுப்பாளர் முன்னிலையில் செய்யவேண்டியவை. நாட்டில் சுடுகலன்களை ஆளும் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. "பார்த்துத் திருத்திக்கொண்டு வருகிறேன்" என்று கழகத்தின் பிஸ்டலை வீட்டுக்கு எடுத்துச் செல்வது எவருக்கும் நல்லதல்ல.

கேள்வி: எங்கள் கழகத்தில் 10 மீற்றர் காற்றழுத்தப் பிஸ்டலில் பயிற்சி பெறுகிறேன். சில மாதங்களாக என் சன்னங்கள் கறுப்பு வட்டத்தின் கீழ்ப்பகுதியில், எட்டாம் வளையத்திலும் ஏழாம் வளையத்திலும் விழுகின்றன. இடையிடையே பத்தும் விழுகிறது. பின்குறியின் (பிஸ்டலின் பின்பக்கத்தில் உள்ள பள்ளம் வெட்டிய தகட்டின்) திருகாணியைத் திருப்பினால் ஒரு நாள் சரியாகிறது. மறுநாள் மேலே போகிறது. அதே பிஸ்டலைப் பயன்படுத்தும் மற்ற இருவருக்கும் இந்தக் குறை இல்லை. பிழை எங்கே இருக்கிறது? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. இடையிடையே பத்தும் விழுகிறது என்கிறீர்கள். மற்ற இருவருக்கும் குறை இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பின்குறி தவறான உயரத்தில் நின்றால் அது எல்லாச் சன்னங்களையும் ஒரே அளவில் கீழே இறக்கும். யார் சுட்டாலும் இறக்கும். ஒன்றைப் பத்தில் விட்டு அடுத்ததை ஏழில் போடும் வேலையைத் திருகாணி செய்வதில்லை, கைதான் செய்கிறது. ஆகையால் திருகாணியை முன்பிருந்த இடத்துக்கே கொண்டுவந்து, சில வாரங்களுக்கு அதைத் தொடாமல் விடுங்கள். ஒவ்வொரு நாளும் அதைத் திருப்பிக்கொண்டிருந்தால், நேற்றைய கைப்பிழைக்கு ஏற்ப இன்றைய குறியை வளைத்துவைக்கிறீர்கள். இன்று கை ஒழுங்காக நடந்துகொண்டால் சன்னம் மேலே போகாமல் வேறென்ன செய்யும்?

கை எவ்வளவு பிழை செய்தால் எவ்வளவு கீழே விழும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. இலக்கு அட்டையில் நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர், அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீற்றர் அகலம், கறுப்புப் பகுதி முழுவதன் விட்டம் 59.5 மில்லிமீற்றர். உங்கள் பிஸ்டலில் முன்குறிக்கும் (குழலின் முன்முனையில் நிற்கும் தகடு) பின்குறிக்கும் இடையே 32 சென்றிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், 10 மீற்றர் என்பது அதன் ஏறத்தாழ 31 மடங்கு. எனவே விசை விடுபடும் கணத்தில் முன்குறியின் தலை, பின்குறியின் பள்ளத்துக்குள் 0.6 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தாலே சன்னம் 19 மில்லிமீற்றர் கீழே, எட்டாம் வளையத்தில் விழும். ஒரு மில்லிமீற்றர் தாழ்ந்தால் கறுப்பின் கீழ்விளிம்புக்கே போய்விடும். இதற்கு மாறாக, இரண்டு குறிகளும் ஒழுங்காக நின்றபடியே கை முழுவதும் ஒரு மில்லிமீற்றர் தாழ்ந்தால், அட்டையிலும் ஒரு மில்லிமீற்றர்தான் வேறுபாடு. கை சற்று ஆடுவதைக் கண்டு புதியவர்கள் கலங்குகிறார்கள். கலங்கவேண்டியது மணிக்கட்டு மடிவதைக் கண்டுதான்.

மணிக்கட்டு எப்போது மடிகிறது? கறுப்பு வட்டத்தின் அடியில் குறி அழகாக வந்து நிற்கும் அந்தக் கணத்தில், "இப்போதே" என்று மனம் கட்டளையிட, சுட்டுவிரல் விசையை வெடுக்கென்று இழுக்கிறது. அதோடு மற்ற விரல்களும் பிடியை நெரிக்கின்றன. வலக்கைக்காரருக்கு இதனால் சன்னம் கீழும் இடமுமாக விழும். வெடிக்கப்போகிறது என்று எதிர்பார்த்து மணிக்கட்டு முன்னோக்கி மடிந்தால் நேர்கீழே விழும். சுட்டவுடன் எங்கே விழுந்தது என்று பார்க்கும் அவசரத்தில், சன்னம் குழலை விட்டு வெளியேறும் முன்பே கையைத் தாழ்த்தினாலும் இதே விளைவுதான். பார்வை முன்குறியை விட்டு இலக்குக்கு ஓடுவதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டும்: இலக்குத் தெளிவாகவும் முன்குறி மங்கலாகவும் தெரிந்தால், முன்குறி பள்ளத்துக்குள் இறங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முன்குறியின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியது போல் கூர்மையாகத் தெரிய, கறுப்பு வட்டம் மங்கிய பொட்டாக நிற்கவேண்டும். இலக்கு மங்குகிறதே என்று கண்ணை நோகாதீர்கள். அது மங்கத்தான் வேண்டும்.

இவற்றில் உங்களுடையது எது என்பதை அறிய ஒரு சோதனை இருக்கிறது. பயிற்றுநர் உங்கள் கண்ணில் படாமல் பிஸ்டலை நிரப்பித் தரட்டும். சில தடவை சன்னம் இட்டும், சில தடவை இடாமலும். எதில் சன்னம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியக்கூடாது. வெறுமையான முறையில் விசை விடுபடும்போது முன்குறி குனிவதை நீங்களே பார்ப்பீர்கள்; அருகில் நிற்பவரும் பார்ப்பார். வேறு எந்த விளக்கமும் தராத தெளிவை அந்த ஒரு குனிவு தரும். அதன்பின் இலக்கு அட்டையைத் திருப்பி வைத்து, வட்டமே இல்லாத வெள்ளைப் பக்கத்தை நோக்கிச் சுடுங்கள். குறிவைக்க ஒன்றும் இல்லாதபோது விரலை அவசரப்படுத்தவும் ஒன்றும் இல்லை. கண் முன்குறியோடு தங்கும், விரல் தன் போக்கில் அழுத்தும். பெரும்பாலானவர்களுக்கு வெள்ளை அட்டையில் சன்னங்கள் நெருங்கி விழுவதைக் கண்டிருக்கிறேன்.

போட்டி விதியின்படி இந்தப் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்கவேண்டும். அதைவிட மிகக் கனமாக வைத்திருந்தால் இளையவர்களின் விரல் வெடுக்கென்று இழுப்பதைத் தவிர்க்க முடியாது. கழகத்தில் சோதனை எடை இருந்தால் தூக்கிப் பாருங்கள். பிடித்த குறி பத்துச் செக்கனுக்குள் விடுபடாவிட்டால் கையைத் தாழ்த்தி, மூச்சு விட்டு, மீண்டும் தொடங்குங்கள். தாழ்த்துவதும் பயிற்சியின் பகுதிதான். வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுண்டு: ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஏறத்தாழ ஒரு கிலோ, பிஸ்டலின் எடைக்கு அருகில் வரும். அதை நீட்டிய கையில் மணிக்கட்டு மடியாமல் பிடித்துப் பழகுங்கள்.

கேள்வி: உடற்கல்வி ஆசிரியர் நான். பழைய ஜெர்மன் பிஸ்டல் ஒன்று எங்கள் குழுவுக்குக் கிடைத்தது. மாணவர் அனைவருக்கும் சன்னங்கள் ஒரு நாணயத்தால் மூடக்கூடிய அளவுக்கு நெருங்கி விழுகின்றன. ஆனால் எல்லாம் கீழே. உயர்த்துவதற்காகத் திருகாணியை 'எச்' என்ற எழுத்தின் பக்கம் திருப்பினேன். இன்னும் கீழே போய்விட்டது! (வாசகர், வவுனியா)

பதில்: கூட்டம் நெருக்கமாகவும், எல்லாருக்கும் ஒரே இடத்திலும் விழுவதால், முந்திய கடிதத்துக்கு நேர்மாறாக, இங்கே மாணவர்களின் கையில் குறை இல்லை. திருகாணியைத் தொடவேண்டிய இடம் இதுதான்; நீங்கள் தொட்டதும் சரி. திசைதான் மாறிவிட்டது. ஜெர்மன் போட்டிப் பிஸ்டல்களில் 'எச்' என்பது பொதுவாகச் "சன்னம் மேலே விழுந்தால் இந்தப் பக்கம் திருப்பு" என்று பொருள்படும். 'டி' (T) என்பது "கீழே விழுந்தால் இந்தப் பக்கம்". அதாவது அந்த எழுத்துகள் நோயைச் சொல்கின்றன, மருந்தை அல்ல. அமெரிக்கத் தயாரிப்புகளில் 'அப்' என்று அம்புக்குறியோடு இருந்தால் அது சன்னம் போகவேண்டிய திசையைக் காட்டும். இரண்டு வழக்கமும் உலவுவதால் எழுத்தை நம்பாமல் இப்படிச் செய்யுங்கள்: ஐந்து சன்னம் சுட்டு நடுவிடத்தைக் குறித்துக்கொண்டு, திருகாணியை ஒரே திசையில் ஐந்து சொடுக்குத் திருப்பி, மீண்டும் ஐந்து சுடுங்கள். நகர்ந்த தூரத்தை ஐந்தால் வகுத்தால் உங்கள் பிஸ்டலின் ஒரு சொடுக்குக்கு எத்தனை மில்லிமீற்றர் என்பது கிடைத்துவிடும். அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள்.

நினைவில் நிற்க ஒரு விதி போதும்: பின்குறியைச் சன்னம் போகவேண்டிய பக்கம் நகர்த்து, முன்குறியை எதிர்ப்பக்கம் நகர்த்து. சன்னம் உயரவேண்டுமானால் பின்குறி உயரவேண்டும், அல்லது முன்குறி தாழவேண்டும்.

திருகாணிக்கு முன்னால் இன்னொன்றையும் கேட்டறியுங்கள். உங்களுக்கு முன் அந்தப் பிஸ்டலை வைத்திருந்தவர் எங்கே குறிவைத்தார்? சிலர் கறுப்பு வட்டத்தின் நடுவிலேயே முன்குறியை நிறுத்துவார்கள். போட்டியாளரில் பெரும்பான்மையோர் வட்டத்துக்குக் கீழே, ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்று இடையில் தெரியும்படி நிறுத்துவார்கள். கறுப்பு முன்குறி கறுப்பு வட்டத்தோடு கலந்து மறைந்துவிடாமலிருக்க அதுவே நல்ல வழி என்பது என் எண்ணமும்கூட. நடுவில் குறிவைப்பவருக்காகச் சரிசெய்யப்பட்ட பிஸ்டலை எடுத்து, வட்டத்துக்குக் கீழே குறிவைத்துச் சுட்டால், கறுப்பின் அரைவிட்டமான ஏறத்தாழ 30 மில்லிமீற்றரும் அந்த வெள்ளைக் கீற்றின் அகலமும் சேர்ந்து அவ்வளவு தூரம் கீழே விழத்தான் செய்யும். அப்படியானால் பிஸ்டலும் பழுதில்லை, மாணவரும் பிழையில்லை. குழுவில் எல்லாரும் ஒரே முறையில் குறிவைப்பதென்று முடிவுசெய்த பிறகே திருகாணிக்குப் போங்கள்.

கேள்வி: வாயுக் குப்பியில் இயங்கும் பிஸ்டல். மார்கழி, தை விடியற்காலைகளில் கீழே விழுகிறது, மத்தியானம் சரியாகிறது. விரைவாகத் தொடர்ந்து சுட்டால் மத்தியானத்திலும் கீழே இறங்குகிறது. ஏன்? (வாசகர், மாங்குளம்)

பதில்: குப்பிக்குள் இருப்பது திரவ நிலையிலுள்ள காபனீரொட்சைட்டு. அதன் ஆவி அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது: 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 57 பார்; 30 பாகையில் ஏறத்தாழ 72 பார். வாடைக்காற்று வீசும் காலையில் அழுத்தம் குறைவு, சன்னத்தின் வேகமும் குறைவு. வெயில் ஏற இரண்டும் ஏறுகின்றன. தொடர்ந்து சுடும்போது திரவம் வாயுவாக மாறுவதற்கான வெப்பத்தைக் குப்பியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. குப்பியைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்கும். அதனால்தான் விரைவாகச் சுட்ட வரிசையில் சன்னங்கள் படிப்படியாக இறங்குகின்றன.

வேகம் குறைந்தால் எவ்வளவு கீழே விழும்? காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், செக்கனுக்கு 150 மீற்றர் வேகத்தில் செல்லும் சன்னம் 10 மீற்றரைக் கடக்குமுன் புவியீர்ப்பால் ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் விழுந்திருக்கும். 120 மீற்றர் வேகத்தில் ஏறத்தாழ 34 மில்லிமீற்றர். வேறுபாடு 12 மில்லிமீற்றர், அதாவது ஒன்றரை வளையம். நீங்கள் காண்பதும் இதுவாகவே இருக்கவேண்டும்.

சுடுமுன் பிஸ்டலை அரை மணி நேரமாவது கூடத்தின் வெப்பநிலைக்கு வரவிடுங்கள். ஒரு சூட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையே ஒரு நிமிடம் விடுங்கள். போட்டியில் இதற்கு நேரம் தாராளமாகவே இருக்கிறது, மின்னணு இலக்கில் 60 சூட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். குப்பியைச் சூடாக்குவதற்காக வெயிலில் வைப்பதோ, தகரக் கூரைக்குக் கீழே நிறுத்திய வாகனத்தில் விடுவதோ வேண்டவே வேண்டாம். அழுத்தம் அபாயகரமாக ஏறும். அழுத்திய காற்றுக் குப்பியுள்ள புதிய பிஸ்டல்களில் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ஒழுங்கமைப்பான் இருப்பதால் வெயிலும் பனியும் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் குப்பியின் அழுத்தம் உற்பத்தியாளர் சொன்ன எல்லைக்குக் கீழே போனதும் சன்னம் திடீரென்று இறங்கத் தொடங்கும். அதனால் சுடத் தொடங்குமுன் அழுத்தமானியைப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

கேள்வி: மடித்து ஏற்றும் ஸ்பிரிங் பிஸ்டல். போன வருடம் சரியாக இருந்தது. இப்போது மெல்ல மெல்லக் கீழே வந்துவிட்டது. (வாசகர், முல்லைத்தீவு)

பதில்: மெல்ல மெல்ல என்ற சொல்லைப் பார்த்தால் வேகம் குறைந்துகொண்டு வருகிறது என்று தோன்றுகிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஆனால் அதைக் கழற்றுவதற்கு முன் மலிவான சந்தேகத்தைத் தீர்த்துவிடுங்கள். குழல் உடலோடு சேரும் வாயில் ஒரு இறப்பர் வளையம் இருக்கும். வெப்பத்திலும் எண்ணெயிலும் கிடந்து அது வெடித்தோ தட்டையாகியோ போயிருந்தால் காற்று பக்கவாட்டில் கசியும். மெல்லிய திசுத்தாள் துண்டொன்றை அந்த மூட்டின் மேல் கிடத்தி, சன்னம் இட்டு, பாதுகாப்பான தடுப்பை நோக்கி ஒரு முறை சுடுங்கள். தாள் துள்ளினால் கசிவு அங்கேதான். இவ்வகைப் பிஸ்டலில் சன்னம் இடாமல் மட்டும் சுடவேண்டாம். எதிரழுத்தம் இல்லாமல் உள்ளே உள்ள உந்து தண்டு மோதிச் சேதமடையும்.

சன்னத்தையும் பாருங்கள். டப்பாவுக்குள் குலுங்கிப் பாவாடை (விரிந்த பின்விளிம்பு) நசிந்த சன்னம் குழலை முழுதாக அடைக்காது. தகட்டில் பரப்பி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தால் நசிந்தவை தெரிந்துவிடும். 4.5 மில்லிமீற்றர் என்று விற்கப்படுபவற்றிலேயே தலையின் விட்டம் 4.48 முதல் 4.52 வரை வேறுபடுவதால், விரல் அழுத்தம் சிறிதும் வேண்டாமல் வழுக்கிப் போகும் சன்னம் உங்கள் குழலுக்குச் சிறியது. ஸ்பிரிங்கைக் கழற்றுவது இறுக்கிய நிலையில் இருப்பதைக் கழற்றுவது. அதற்குரிய கருவி இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: முன்குறியை அரத்தால் தேய்த்தால் சன்னம் உயரும் என்கிறார்களே, தேய்க்கலாமா? (வாசகர், மடு)

பதில்: உயரும். 32 சென்றிமீற்றர் இடைத்தூரத்தில், 0.6 மில்லிமீற்றர் தேய்த்தால் 10 மீற்றரில் 19 மில்லிமீற்றர் உயரும். தேய்த்ததை ஒட்டவைக்க முடியாது என்பதால், கை, குறிவைக்கும் முறை, சன்னம், அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்து முடித்து, பின்குறி அதன் உச்சிக்கு ஏறியும் போதாமல் இருந்தால் மட்டும் அரத்தை எடுங்கள். அதுவும் முன்குறியை மாற்ற முடியாத பிஸ்டலில் மட்டும். மேல்விளிம்பு தட்டையாகவும் பின்பக்க விளிம்பு கூராகவும் இருக்கவேண்டும். உருண்டையானால் ஒளி பட்டு மினுங்கும், அப்போது உயரத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது.

மினுங்கும் குறிக்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. முன்குறித் தகட்டைப் பிஸ்டலிலிருந்து கழற்றிக் குறட்டால் பிடித்து, எரியும் கற்பூரத்தின் புகையில் காட்டினால் மங்கலான கரி படியும். விரல் படாமல் திரும்பப் பொருத்தவேண்டும். நம் வீடுகளில் கற்பூரத்துக்கா பஞ்சம்? ஒரு பக்கம் திறந்த கூடங்களில் காலை வெயில் சாய்ந்து விழும்போது இந்தக் கரி மிகவும் உதவும். வாயுக் குப்பியோ காற்றுக் குப்பியோ அருகில் இருக்கையில் தீ மூட்டக்கூடாது.

கேள்வி: காவல் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். 9 மில்லிமீற்றர் பிஸ்டலில் பாரமான ரவை மேலேயும் இலேசான, வேகமான ரவை கீழேயும் விழுந்ததைக் கண்டிருக்கிறேன். வேகம் குறைந்தால் சன்னம் கீழே விழும் என்பதற்கு இது மாறாக இருக்கிறதே? (வாசகர், செட்டிகுளம்)

பதில்: மேலே மாங்குளத்துக்காரருக்கு நான் சொன்னதற்கு இது மாறாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டும் உண்மை. வெடிமருந்துப் பிஸ்டல் பின்னுதைக்கும்போது, சன்னம் குழலுக்குள் இருக்கையிலேயே குழலின் வாய் மேலே எழத் தொடங்கிவிடுகிறது. பாரமான, மெதுவான சன்னம் குழலுக்குள் கூடுதல் நேரம் தங்குகிறது. உதையும் அதற்கு அதிகம். ஆகவே வாய் கூடுதலாக உயர்ந்த பிறகே அது வெளியேறுகிறது. இலேசான, வேகமான சன்னம் வாய் எழுவதற்குள் போய்விடுவதால் கீழே படுகிறது. பிஸ்டலுக்குரிய குறுகிய தூரங்களில் புவியீர்ப்பின் பங்கைவிட இந்த எழுச்சியின் பங்கே பெரிது. காற்றழுத்தப் பிஸ்டலில் பின்னுதைப்பு மிகச் சிறியது. அங்கே சன்னம் விழும் நேரமே கணக்கைத் தீர்மானிக்கிறது. எனவே பணிப் பிஸ்டல் கீழே சுடுகிறது என்று எவரேனும் சொன்னால், குறியைத் தொடுமுன் பெட்டியில் எழுதியிருக்கும் சன்னத்தின் எடையைக் கேளுங்கள்: 115 கிரெயினா, 124ஆ, 147ஆ என்று. அதன் குறிகள் எந்த எடைக்குச் சரிசெய்யப்பட்டனவோ அந்த எடையால் சுட்ட பிறகுதான் குறையைப் பற்றிப் பேசலாம்.